டெல்டா ஷேரிங் சப்போர்ட்: டேட்டா வராதபோது எங்கே, எப்படிப் பார்ப்பது

டெல்டா ஷேரிங் (டேட்டாவை நகலெடுக்காமல் பகிரும் நெறிமுறை) வழியாக வெளி நிறுவனங்களுக்கு டேட்டா கொடுக்கும் இடத்தில் சப்போர்ட் மேசைக்கு வரும் டிக்கெட்டுகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும்: "டேபிள் ஓப்பன் ஆகவில்லை, 403 வருகிறது." 403 என்றால் அனுமதி மறுப்பு. அது இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம்: ஒன்று ஷேரிங் சர்வர், இன்னொன்று கோப்புகள் கிடக்கும் சேமிப்பகம். எந்த இடம் என்று பார்க்காமல் புது டோக்கன் (அனுமதிச் சாவி) எடுத்துக் கொடுத்தால் அரை நாள் போய்விடும், 403-ம் அப்படியே இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு இடங்களைப் பிரித்தறிவது பற்றியதுதான்.

கொஞ்சம் பின்னணி

2021 மே மாதம் டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் இந்த நெறிமுறையை அறிவித்து, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் திறந்த மூலமாக விட்டது. அதற்கு முன் பெரிய டேட்டாவை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க இரண்டு வழிகள்தான் பரவலாக இருந்தன. ஒன்று, தினமும் சி.எஸ்.வி. கோப்புகளை எஸ்.எஃப்.டி.பி.யில் போட்டு வைப்பது. இன்னொன்று, இரு தரப்பும் ஒரே நிறுவனத்தின் டேட்டா வேர்ஹவுஸில் கணக்கு வைத்திருப்பது. முதல் வழியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நகல் உருவாகும். இரண்டாவதில், எந்த மென்பொருள் பயன்படுத்த வேண்டும் என்பதை வாடிக்கையாளர் தானே முடிவு செய்ய முடியாது.

டெல்டா ஷேரிங் நகல் எடுப்பதில்லை. டெல்டா லேக் டேபிள் என்பது அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பகத்தில் கிடக்கும் பார்க்கே என்ற வடிவக் கோப்புகளும், எந்தக் கோப்புகள் இப்போது செல்லும் என்று பதிவு செய்யும் ஒரு லாக் ஃபோல்டரும்தான். ஷேரிங் சர்வர் அந்த லாகைப் படித்து, தேவையான கோப்புகளுக்குக் குறுகிய காலம் மட்டுமே செல்லும் கையொப்பமிட்ட இணைப்புகளைத் தருகிறது. பெறுபவரின் கணினி அந்த இணைப்புகளைக் கொண்டு சேமிப்பகத்திலிருந்து நேரடியாகக் கோப்புகளை இறக்கிக்கொள்கிறது. ஓட்டலில் பில் ஒரு கவுண்டரில், டிபன் இன்னொரு கவுண்டரில் என்பது போலத்தான். டேட்டா எதுவும் ஷேரிங் சர்வர் வழியாகப் போவதே இல்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல் வாடிக்கையாளரின் நெட்வொர்க் குழுவோடு பேசினால் பேச்சு நகராது.

பகிர்வுக்குள் மூன்று அடுக்குகள்: ஷேர், அதற்குள் ஸ்கீமா, அதற்குள் டேபிள். பெறுபவரிடம் இருப்பது ஒரு சின்ன ப்ரொஃபைல் கோப்பு. அது ஜேசன் வடிவில் இருக்கும். அதில் நான்கு விஷயங்கள்: வடிவத்தின் பதிப்பு எண், சர்வரின் முகவரி, பேரர் டோக்கன், காலாவதி நேரம். காலாவதி நேரம் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது இல்லாத ப்ரொஃபைலில் டோக்கன் எப்போது சாகும் என்று பெறுபவருக்குத் தெரிய வழியே கிடையாது. அதனால் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 1: டிக்கெட்டில் கேட்க வேண்டியவை

பிழைச் செய்தியின் முழு உரை (ஸ்க்ரீன்ஷாட் போதாது, டெக்ஸ்டாகவே வேண்டும்), நடந்த நேரமும் நேர மண்டலமும், ஷேர்-ஸ்கீமா-டேபிள் மூன்றும் சேர்ந்த முழுப் பெயர், எந்தக் கனெக்டர் (பெறுபவர் டேட்டாவைப் படிக்கும் மென்பொருள்), அதன் பதிப்பு, ஓடும் இடம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சொந்த லேப்டாப்பா, வி.பி.என். வழியாகவா, அலுவலக ப்ராக்ஸிக்குப் பின்னாலா, கிளவுடில் இணையத் தொடர்பு இல்லாத சப்நெட்டிலா என்பது தெரிந்தால் பாதி டிக்கெட்டுகள் அங்கேயே தெளிவாகிவிடும்.

ப்ரொஃபைல் கோப்பை அனுப்பச் சொல்லவே கூடாது. அதற்குள் இருக்கும் டோக்கன்தான் சாவி. அதை வைத்திருக்கும் யாரும் டேட்டாவைப் படிக்கலாம். வாடிக்கையாளர் தானாகவே டிக்கெட்டில் இணைத்துவிட்டால் இணைப்பை நீக்கிவிட்டு, அன்றே டோக்கனை மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். திட்டத்தின் கிட்ஹப் களஞ்சியத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான ஓப்பன் டேட்டாசெட்ஸ் ப்ரொஃபைல் ஒன்று இருக்கிறது; பாஸ்டன் ஹவுசிங் போன்ற சின்ன டேபிள்கள் அதில் உண்டு. அது ஓடினால் பெறுபவரின் பைத்தானும் கனெக்டரும் சரி. அதுவும் ஓடாவிட்டால் நம் சர்வரைத் துருவுவதில் பயனில்லை.

படி 2: சர்வர் வரை போகிறதா

கனெக்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, இணைய முகவரியை நேரடியாகக் கேட்கும் கர்ல் கட்டளையால் பாருங்கள். ப்ரொஃபைலில் உள்ள முகவரியோடு ஷேர்ஸ் (shares) என்ற பாதையைச் சேர்த்து, ஆத்தரைசேஷன் ஹெடரில் பேரர் என்ற சொல், ஒரு இடைவெளி, பிறகு டோக்கன் என்று கொடுத்துக் கூப்பிட வேண்டும். வரும் பதிலை வைத்து இப்படிப் பிரிக்கலாம்.

பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் டி.என்.எஸ். அல்லது ஃபயர்வால். சான்றிதழ் பிழை வந்தால், அலுவலக ப்ராக்ஸி டி.எல்.எஸ். இணைப்பை உடைத்துத் தன் சான்றிதழைச் செருகுகிறது. அந்தச் சான்றிதழைப் பைத்தானின் நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிரவுசரில் திறக்கிறதே என்பார்கள். பிரவுசர் இயங்குதளத்தின் பட்டியலைப் பார்க்கிறது, பைத்தான் பெரும்பாலும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

401 என்றால் டோக்கன் தவறு அல்லது காலாவதி. ப்ரொஃபைலை வேர்டில் திறந்து திருத்தியிருந்தால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம். அப்போது 401 வராது, ஜேசன் படிக்க முடியவில்லை என்ற பிழை கனெக்டரிலிருந்தே வரும். இந்தக் கட்டத்தில் 403 என்றால் டோக்கன் சரி, அனுமதி இல்லை, ஐ.பி. பட்டியல் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 404 என்றால் பெயர்ப் பிழை, அல்லது வழங்குபவர் அந்த டேபிளைப் பகிர்விலிருந்து எடுத்துவிட்டார்.

200 (வெற்றி) வந்தும் பட்டியல் காலியாக இருந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. அந்தப் பெறுபவருக்கு எந்த ஷேரும் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது ஒன்று. பதிலின் அடியில் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் இருக்கிறது, வாடிக்கையாளர் சொந்தமாக எழுதிய நிரல் அதைப் பார்க்காமல் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. கேட்ட எண்ணிக்கையைவிடக் குறைவாகக் கொடுக்கச் சர்வருக்கு உரிமை உண்டு என்று நெறிமுறை சொல்கிறது. அடுத்த பக்க டோக்கன் இல்லாதபோதுதான் பட்டியல் முடிந்தது.

படி 3: எந்தப் பதிப்பைப் பார்க்கிறார்கள்

"நேற்று போட்ட டேட்டா தெரியவில்லை" என்ற புகாருக்கு டேபிளை இறக்கிப் பார்க்கத் தேவையில்லை. டேபிள் பாதைக்குப் பின் வெர்ஷன் என்று கேட்டால் பதிலின் ஹெடரில் டெல்டா டேபிள் வெர்ஷன் என்று ஒரு எண் வரும். வழங்குபவர் பக்கம் அதே டேபிளின் ஹிஸ்டரியில் உள்ள கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் பெறுபவரின் டாஷ்போர்டு பழையதை கேஷில் வைத்திருக்கிறது. சர்வரின் எண் பின்தங்கியிருந்தால் சர்வர் அமைப்பில் பழைய நிலையை ஏற்கலாம் என்ற விருப்பம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த மூல மாதிரி சர்வரில் அது இயல்பாக அணைந்தே இருக்கும்.

படி 4: சேமிப்பகம் வரை போகிறதா

சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான். கனெக்டர் டேபிளைக் கேட்கும்போது சர்வர் தரும் பதில் வரிக்கு ஒரு ஜேசனாக வரும். முதல் வரி நெறிமுறைப் பதிப்பு. இரண்டாவது வரி மெட்டாடேட்டா: டேபிளின் ஐ.டி., ஸ்கீமா, பார்ட்டிஷன் நெடுவரிசைகள். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பு: கையொப்பமிட்ட இணைப்பு, அளவு, பார்ட்டிஷன் மதிப்பு, எத்தனை ரெக்கார்டு, ஒவ்வொரு நெடுவரிசையின் குறைந்த-அதிக மதிப்பு. ஒரு கோப்பின் இணைப்பை மட்டும் எடுத்து, பெறுபவரின் கணினியிலிருந்தே கர்லில் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இணைப்பை மேற்கோள் குறிகளுக்குள் வைக்காவிட்டால் அதிலுள்ள ஆம்பர்சாண்ட் குறியில் ஷெல் கட்டளையை வெட்டிவிடும். பிழை வரும், அது உண்மையான பிழையாக இருக்காது. அடுத்து, ஹெடரை மட்டும் கேட்கும் கர்ல் விருப்பத்தைப் போடக் கூடாது. எஸ்3 கையொப்பத்துக்குள் கெட் என்ற முறையும் அடங்கியிருக்கிறது. ஹெட் என்று கேட்டால் நல்ல இணைப்பே 403 தரும். அனுபவமுள்ளவர்கள்கூட இதில் ஏமாந்து தவறான முடிவுக்குப் போவதுண்டு. முழுக் கோப்பு வேண்டாமென்றால் ரேஞ்ச் கொடுத்து முதல் சில பைட்டுகளை மட்டும் கேளுங்கள்.

எஸ்3 தரும் எக்ஸ்.எம்.எல். பதிலைப் பொறுமையாகப் படியுங்கள். எண் பெரும்பாலும் 403 ஒன்றுதான், காரணங்கள் வேறு.

கோரிக்கை காலாவதி என்று செய்தி இருந்தால் இணைப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. மாதிரி சர்வரில் இயல்பான ஆயுள் 3600 விநாடி. இணைப்புக்குள்ளேயே கையொப்பமிட்ட நேரமும் ஆயுளும் எழுதியிருக்கும். அந்த நேரம் யு.டி.சி.; இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கொடுத்த இணைப்பே காலாவதி என்று வந்தால் ஷேரிங் சர்வரின் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. அங்கே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

டோக்கன் காலாவதி என்று சேமிப்பகம் சொன்னால் (இதற்கு எண் 400) அது பேரர் டோக்கனைக் குறிப்பதல்ல. சர்வர் ஒரு ரோல் (கிளவுடில் அதற்குக் கொடுத்த அனுமதி அடையாளம்) மூலம் பெற்ற தற்காலிகச் சான்றுகளைக் கொண்டு கையொப்பமிட்டிருக்கிறது, அந்தச் சான்றுகளின் காலம் முடிந்துவிட்டது. இணைப்பில் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் சான்று ஒரு மணி நேரத்தில் முடிந்தால் இணைப்பும் அதோடு செத்துவிடும். நிலையான சாவியைக் கொண்டு கையொப்பமிட்டாலும் எஸ்3-யில் 7 நாளுக்கு மேல் ஆயுள் கொடுக்க முடியாது.

கையொப்பம் பொருந்தவில்லை என்றால் வழியில் யாரோ இணைப்பை மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் ப்ராக்ஸி, அல்லது மெயிலில் ஒட்டும்போது உடைந்த சதவீதக் குறிகள்.

வெறுமனே அணுகல் மறுப்பு என்று மட்டும் வந்தால்தான் தலைவலி. கையொப்பமிடுவது சர்வருக்குள்ளேயே நடக்கும் கணக்கு. அதற்கு எஸ்3-யிடம் எதுவும் கேட்பதில்லை. ஆகவே தனக்கே படிக்க அனுமதி இல்லாத கோப்புக்கும் சர்வர் தாராளமாக இணைப்பு கொடுத்துவிடும். மூன்று இடங்களைப் பாருங்கள். சர்வரின் ரோலுக்கு லாக் ஃபோல்டர் மட்டுமல்லாமல் டேட்டா கோப்புகளைப் படிக்கும் அனுமதியும் இருக்கிறதா? கோப்புகள் கே.எம்.எஸ். (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் பூட்டப்பட்டிருந்தால் அந்தச் சாவியைக் கொண்டு திறக்கும் அனுமதி இருக்கிறதா? பக்கெட் (எஸ்3-யில் கோப்புகள் கிடக்கும் பெட்டி) பாலிசியில் குறிப்பிட்ட ஐ.பி. அல்லது வி.பி.சி.யிலிருந்து (கிளவுடின் தனி நெட்வொர்க்) வந்தால்தான் சரி என்ற விதி இருக்கிறதா? மூன்றாவதுதான் அடிக்கடி மாட்டுவது. சர்வர் உள் நெட்வொர்க்கில் இருப்பதால் லாகைப் படித்துவிடுகிறது, வழங்குபவர் தன் கணினியில் சோதித்தாலும் ஓடுகிறது, வெளியிலிருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் 403. அஸூரில் ஸ்டோரேஜ் கணக்கின் ஃபயர்வாலும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு நுணுக்கம். கோப்பே அழிந்திருந்தால் 404 வர வேண்டும். ஆனால் கையொப்பமிட்டவருக்குப் பக்கெட்டைப் பட்டியலிடும் அனுமதி இல்லையென்றால் எஸ்3 அதையும் 403 என்றே சொல்லும். எனவே கோப்பு இருக்கிறதா என்று வழங்குபவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் சேமிப்பகத்தைத் தொடவே முடியாமல் டைம்அவுட் ஆனால் பெறுபவரின் நெட்வொர்க் குழு ஷேரிங் சர்வரின் முகவரியை மட்டும் திறந்துவிட்டிருக்கிறது. பக்கெட் பெயரோடு தொடங்கும் எஸ்3 முகவரிக்கும் 443 போர்ட் திறக்க வேண்டும். புது வாடிக்கையாளரைச் சேர்க்கும் மெயிலிலேயே இரண்டு முகவரிகளையும் எழுதிவிட்டால் இந்த வகை டிக்கெட் பிறக்கவே பிறக்காது.

படி 5: வருகிறது, ஆனால் மெதுவாக, அல்லது பாதியில் விழுகிறது

பைத்தான் கனெக்டரில் பாண்டாஸாக (பைத்தானின் அட்டவணை வடிவம்) ஏற்றினால் கேட்ட கோப்புகள் அத்தனையும் நினைவகத்துக்கு வரும். பார்க்கே சுருக்கப்பட்ட வடிவம். 4 ஜிபி டேபிள் நினைவகத்தில் விரிந்து அதைப்போலப் பல மடங்கு ஆகலாம், ப்ராசஸ் சத்தமில்லாமல் கொல்லப்படும். முதலில் பத்து வரி லிமிட் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். அது ஓடினால் வழி சரி, சுமைதான் பிரச்சினை.

வடிகட்டும் நிபந்தனையையும் லிமிட்டையும் சர்வருக்கு அனுப்பலாம், ஆனால் நெறிமுறையில் அவற்றின் பெயரே குறிப்பு என்றுதான். சர்வர் மதிக்கலாம், மதிக்காமல் அதிகமாகவும் கொடுக்கலாம்; கடைசி வடிகட்டல் பெறுபவரின் பொறுப்பு. சொந்தமாகக் கிளையண்ட் எழுதியவர்கள் இதை மறந்துவிட்டு, தேதி வடிகட்டியும் மற்ற நாள் டேட்டா வருகிறது என்று புகார் கொடுப்பார்கள்.

சின்னக் கோப்புகள் குவிந்த டேபிள் தனி வியாதி. 40,000 கோப்புகள் என்றால் 40,000 இணைப்புகள். தற்காலிகச் சான்றோடு வரும் ஒரு இணைப்பு நீளமானது. ஒரு வரிக்கு ஒன்றரை கேபி என்று வைத்தாலும் முதல் பைட் டேட்டா வருமுன்பே பட்டியல் மட்டும் 60 எம்பி. கடைசிக் கோப்பை எட்டுவதற்குள் ஒரு மணி நேரம் கடந்து இணைப்புகள் செத்திருக்கும். உடனே இணைப்பின் ஆயுளைக் கூட்டத் தோன்றும். வேண்டாம். ஆயுள் நீண்ட இணைப்பு கசிந்தால் அதைத் தனியாக ரத்து செய்ய வழியில்லை. வழங்குபவர் ஆப்டிமைஸ் ஓட்டிக் கோப்புகளைச் சேர்த்துவிடட்டும், பெரிய வேலைகளைப் பெறுபவர் ஸ்பார்க் கனெக்டருக்கு மாற்றட்டும்; இணைப்பு முடியும் முன் புதிதாகக் கேட்டுக்கொள்ள அதற்குத் தெரியும்.

பவர் பிஐ-யில் வரிகள் சரியாகப் பத்து லட்சத்தில் நின்றால் அது பிழை இல்லை. அந்தக் கனெக்டரின் இயல்பான வரி வரம்பு அதுதான், கூட்டிக்கொள்ளலாம்.

படி 6: நேற்று வரை ஓடியது, இன்று 400 (கோரிக்கை ஏற்கப்படவில்லை)

வழங்குபவர் டேபிளில் டெலீஷன் வெக்டர் அல்லது நெடுவரிசை மேப்பிங் (column mapping) இயக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். டெலீஷன் வெக்டர் இருக்கும் டேபிளில் அழித்த வரிகள் பார்க்கே கோப்புக்குள்ளேயே கிடக்கும். எவை அழிந்தவை என்ற பட்டியல் தனியாக இருக்கும். வெறும் பார்க்கே படிக்கத் தெரிந்த பழைய கனெக்டருக்குக் கொடுத்தால் அழித்ததெல்லாம் உயிரோடு வரும். அதனால் சர்வர் மறுக்கிறது, மறுப்பதே நல்லது. புதிய கனெக்டர்கள் தங்களுக்கு எவை படிக்கத் தெரியும் என்பதைக் கோரிக்கையின் ஹெடரில் சொல்லிவிடுகின்றன.

தீர்வு பெறுபவர் கனெக்டரைப் புதுப்பிப்பது. அங்கும் ஒரு முட்டுக்கட்டை: பைத்தான் கனெக்டரின் 1.1 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஜி.லிப்சி (அடிப்படை சி நூலகம்) 2.31 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 20.04-ல் சரியாக 2.31. ரெட்ஹாட் 8-ல் 2.28, சென்ட்ஓஎஸ் 7-ல் 2.17, இவற்றில் நிறுவல் பாதியில் நிற்கும். இயங்குதளத்தை மாற்ற முடியாத இடங்களில் புதிய அடிப்படையுள்ள கன்டெய்னருக்குள் ஓட்டுவது எளிது.

படி 7: மாற்றங்களை மட்டும் எடுப்பவர்கள்

முழு டேபிளையும் எடுக்காமல் மாற்ற ஊட்டத்தை (மாறிய வரிகளின் பட்டியல்) எடுக்க, டேபிளில் சேஞ்ச் டேட்டா ஃபீட் இயங்க வேண்டும், பகிரும்போது வரலாற்றையும் சேர்த்துப் பகிர்ந்திருக்க வேண்டும். இயக்குவதற்கு முந்தைய மாற்றங்கள் கிடைக்காது.

எண்ணிக்கை இரட்டிப்பாக வருகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒரு வரி திருத்தப்பட்டால் ஊட்டத்தில் இரண்டு வரிகள் வரும், திருத்தத்துக்கு முந்தைய உருவமும் பிந்தைய உருவமும். மாற்ற வகை நெடுவரிசையைப் பார்த்து முந்தையதைத் தள்ளிவிட வேண்டும்.

நீண்ட நாள் கழித்து வந்து பழைய பதிப்பிலிருந்து கேட்டால் கிடைக்காமல் போகலாம். வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளை ஓடினால் டேபிளிலிருந்து நீங்கி 7 நாளுக்கு மேலான கோப்புகள் இயல்பாக அழியும்; லாக் இயல்பாக 30 நாள் தங்கும். 7 நாள் கெடுவைக் குறைத்து வைத்திருக்கும் வழங்குபவரின் வாடிக்கையாளர்கள் வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை வரிசையாக டிக்கெட் போடுவார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாதபோது முழு டேபிளையும் ஒருமுறை ஏற்றிவிட்டு, அந்தப் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு அடுத்த பதிப்பிலிருந்து மாற்றங்களைத் தொடங்குவதுதான் வழி.

படி 8: டோக்கன் மாற்றுவது

பழையதை உடனே கொல்லாமல், அது முடிய ஒன்றிரண்டு நாள் இடைவெளி வைத்துப் புதியதைக் கொடுங்கள். கசிந்த டோக்கனுக்கு மட்டும் இடைவெளி பூஜ்ஜியம். டேட்டாபிரிக்ஸில் ப்ரொஃபைலை இறக்கும் இணைப்பு ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்; வாடிக்கையாளர் இறக்கிய கோப்பைத் தொலைத்துவிட்டார் என்றால் மறுபடி டோக்கனை மாற்றத்தான் வேண்டும். அனுமதியை ரத்து செய்தாலும் ஏற்கெனவே கொடுத்த கோப்பு இணைப்புகள் தங்கள் ஆயுள் வரை செல்லும் என்பதைப் பாதுகாப்புக் குழுவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

திறந்த மூல மாதிரி சர்வரில் அமைப்புக் கோப்பில் எழுதும் ஒரே டோக்கன்தான், வாடிக்கையாளருக்கு ஒன்று என்று கொடுக்க முடியாது. அதைப் பாதுகாப்பான ப்ராக்ஸிக்குப் பின்னால் வைக்கச் சொல்லித் திட்டத்தின் ஆவணமே சொல்கிறது. இரண்டாவது வாடிக்கையாளர் வரும் நாளில் அதை விட்டு வெளியேறத் திட்டமிடுங்கள்.

மேலே அனுப்பும்போது

முதல் கட்டம் (ஷேரிங் சர்வர்) உடைந்திருந்தால் சர்வரை நடத்தும் குழுவுக்கு: நேரம், பாதை, பதில் எண், டோக்கனை மறைத்த கோரிக்கை. இரண்டாம் கட்டம் (சேமிப்பகம்) உடைந்திருந்தால் சேமிப்பகக் குழுவுக்கு அல்லது கிளவுட் நிறுவனத்துக்கு: எஸ்3 பதில் ஹெடரில் வரும் அமேசானின் ரிக்வெஸ்ட் ஐ.டி.யும் அதோடு வரும் இரண்டாவது நீண்ட ஐ.டி.யும் இல்லாமல் அங்கே யாரும் தேட மாட்டார்கள். இரண்டு கட்டமும் கர்லில் ஓடி, கனெக்டரில் மட்டும் விழுந்தால் அது திட்டத்தின் கிட்ஹப் பக்கத்துக்குப் போக வேண்டிய விஷயம். கனெக்டர் பதிப்பு, டேபிளின் மெட்டாடேட்டா வரி, முழு ட்ரேஸ்பேக் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ட்ரேஸ்பேக்கில் கையொப்பமிட்ட இணைப்புகள் அப்படியே அச்சாகியிருக்கும். ஒட்டும் முன் அவற்றை வெட்டிவிடுங்கள்.